நோன்பும் ஸ்டாப்வாட்சும்

1. முந்திக்கொண்ட மாரியப்பன்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் லேபில் ஓர் உலக சாதனை நடந்தது. விளக்கு எரிவதற்கு முன்பே ஒரு மனிதர் அதைப் பார்த்துவிட்டார்.

அந்த மனிதர் கல்லூரி அட்டெண்டர் மாரியப்பன். பரிசோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. மேஜைமேல் ஒரு சின்ன பல்பு, தந்தி ஆபீசில் இருப்பது போன்ற ஒரு கீ. பல்பு எரிந்ததும் கீயை அமுக்க வேண்டும். இடையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் பார்த்து எழுத வேண்டும். இதற்கு ரியாக்‌ஷன் டைம் என்று பெயர். நான் "ரெடி" என்றேன். மாரியப்பன் டக்கென்று அமுக்கிவிட்டார். பல்பு அதற்குப் பிறகு சாவகாசமாக எரிந்தது.

"ஏன் மாரியப்பன், லைட்டு எரியறதுக்கு முன்னாடியே அமுக்குறீங்க?"

"நீங்க புதுசா வந்திருக்கீங்க தம்பி. உங்களைக் காக்க வைக்கக் கூடாதுல்ல?"

மூலையில் உட்கார்ந்திருந்த புரொபசர் நரசிம்மாச்சாரியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர். கல்கத்தாவுக்குப் போய் எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜி படித்துவிட்டு வந்தவர். பஞ்சகச்சம், அதற்குமேல் கோட்டு, நெற்றியில் திருமண். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் டிக்டிக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். என்னை 'ஓய் காசிம்' என்றுதான் கூப்பிடுவார். தன்னைவிட இருபது வயது சின்னவனான என்னை 'நீர்' போட்டுப் பேசிய முதல் மனிதர் அவர்தான்.

"பயப்படாதேயும். நடுநடுவுல 'ரெடி'ன்னு மட்டும் சொல்லும், லைட்டைப் போடாதேயும். அப்போ அவன் கை எங்கே போறதுன்னு பாரும்" என்றார்.

அப்படியே செய்தேன். இரண்டு தடவை ஏமாந்த மாரியப்பன் உஷாராகிவிட்டார். அதற்கப்புறம் பல்பு எரிந்தாலும் அமுக்கமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். "இதுவும் ஏமாத்து வேலையா இருக்கும் தம்பி, எனக்குத் தெரியாதா?" என்றார். மனிதர்களை வைத்துப் பரிசோதனை செய்வது என்ன பாடு என்று எனக்கு அன்றைக்கே பாதி புரிந்துவிட்டது.

2. டெம்பரரி மாப்பிள்ளை

நான் சொல்வது முப்பதுகளின் கடைசியில் நடந்தது. எங்கள் வீடு திருச்சி பெரியகடை வீதிக்குப் பின்னால். அத்தாவுக்குக் குடைக்கடை. நான் பி.ஏ. முடித்து டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனேன், ஆனால் டெம்பரரி. கல்லூரியில் சைக்காலஜியைத் தனிப் பாடமாக நடத்த அப்போது அனுமதி கிடையாது. யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு கமிஷன் வந்து லேபைப் பார்த்துச் சரி என்றால் பாடமும் நிலைக்கும், என் வேலையும் நிரந்தரமாகும். இல்லையென்றால் அந்த அறையைக் கிரிக்கெட் சாமான் போட்டுவைக்க எடுத்துக்கொள்வதாகப் பிரின்ஸ்பால் சொல்லியிருந்தார். ஜன்னல் கம்பியில் இப்போதே இரண்டு ஸ்டம்ப்பைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

எனக்கு ஜைனபைப் பேசி வைத்திருந்தது. அவள் வாப்பா தோல் மண்டி வியாபாரி, எனக்கு மாமா முறை. நல்ல மனுஷர்தான், ஆனால் வாய் நீளம்.

"தம்பி, டெம்பரரி டெம்பரரிங்கிறீங்களே, நாளைக்கு எம் பொண்ணும் டெம்பரரியா திரும்பி வந்துட்டா என்ன பண்றது? கமிஷன் வந்துட்டுப் போகட்டும். வேலை உறுதியாச்சுன்னா அன்னிக்கே நிக்காஹ் தேதி வச்சிருவோம். இல்லேன்னா மண்டிக்கு வந்துருங்க, தோல் எண்ணுற வேலை தர்றேன்."

தோல் மண்டி நாற்றம் தெரிந்தவர்களுக்கு என் நிலைமை புரியும். கமிஷன் வரும்போது கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு ரிசல்ட் கையில் இருக்க வேண்டும். அதற்காக நானும் புரொபசரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.

யோசனை அவருடையது. பசியோடு இருந்தால் மூளை நன்றாக வேலை செய்யுமா, மந்தமாகுமா? ஸ்ரீரங்கத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு ஏகாதசி. ஹாஸ்டலில் உபவாசம் இருக்கிற ஐயங்கார் பையன்கள் பன்னிரண்டு பேர். சப்ஜெக்ட் தேடி அலைய வேண்டாம்.

டெஸ்ட் ஷீட்டை அவரே தயார் செய்தார். ஒரு பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்துகள் கன்னாபின்னாவென்று அச்சடித்திருக்கும். அதில் 'ப' வருகிற இடத்தில் மட்டும் பென்சிலால் அடிக்க வேண்டும். நேரமும் பார்ப்போம், தப்பும் பார்ப்போம். இதற்குக் கேன்சலேஷன் டெஸ்ட் என்று பெயர். பன்னிரண்டு பேரும் ஓர் ஏகாதசி மத்தியானம் செய்ய வேண்டும், ஒரு சாதாரண நாள் மத்தியானமும் செய்ய வேண்டும்.

"முதல்ல எல்லாரும் சாதா நாள்ல பண்ணிட்டு அப்புறம் ஏகாதசியில பண்ணா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது தடவை பழகியிருக்கும் சார். பழக்கத்துல நல்லா பண்ணுவாங்க, நாம உபவாசத்தாலன்னு நினைச்சுக்குவோம்."

"பேஷ்! அதனால பாதிப் பேருக்கு ஏகாதசி முதல்ல, பாதிப் பேருக்குச் சாதா நாள் முதல்ல."

இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் திட்டம் போட்டோம். அதே அறை, அதே ஜன்னல், அதே பென்சில். பென்சிலைச் சீவியதுகூட நான் ஒருத்தன்தான். எங்கள் கண்ட்ரோலைப் பார்த்து எங்களுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஏகாதசி மத்தியானங்களில் அந்தப் பையன்கள் வரும்போது எனக்கு மனசு கேட்காது. பட்டினிப் பிள்ளைகள் என்று மாடிப்படியில் மெதுவாக ஏறச் சொல்வேன், ஜன்னல் பக்கமாகக் காற்று வரும் இடத்தில் உட்கார வைப்பேன். ஒருத்தன் பெரிய ஏப்பம் விட்டான். பாவம், வெறும் வயிற்றில் வாயு பிடித்துக்கொண்டது என்று நினைத்து முதுகைக்கூடத் தடவிக் கொடுத்தேன்.

ரிசல்ட் வந்தது. பன்னிரண்டு பேரில் ஒருத்தன் விடாமல் எல்லோரும் உபவாச நாளில் வேகமாகவும் தப்பில்லாமலும் செய்திருந்தார்கள். சாதாரண நாளில் ஹாஸ்டல் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து கொட்டாவி விட்டுக்கொண்டே செய்தவர்கள் இவர்கள்தானா என்று இருந்தது.

புரொபசர் குதிக்காத குறை. "ஓய் காசிம்! உபவாசம் புத்தியைத் தீட்டறது! நம்ம பெரியவா சும்மாவா சொன்னா! கமிஷன் முன்னாடி வைப்போம், அப்படியே ஆடிப் போயிடுவா!"

எனக்கும் சந்தோஷம்தான். கிட்டத்தட்ட நிக்காஹ் சட்டைக்கே துணி எடுத்துவிட்டேன்.

3. நம்ம ஆளுங்க கவுத்துட்டாங்க

அந்தச் சமயத்தில் ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது. புரொபசர் விடவில்லை. "ஒரே ஜாதி ஜனங்களை வெச்சுண்டு பொதுவா பேசப்படாது. உம்ம மனுஷாளை வெச்சும் பண்ணிப் பாரும். அவாளுக்கும் அப்படியே வந்துடுத்துன்னா மனுஷ ஜாதிக்கே பொதுவான விதின்னு அடிச்சுச் சொல்லலாம்" என்றார்.

தெருவில் என் வயதுக்காரர்களைப் பிடித்தேன். நோன்பு நாளில் சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னால், சுத்தமாக நாக்கு வறண்டிருக்கும் நேரத்தில், சின்னச் சின்னக் கூட்டமாகக் கூப்பிட்டு லேபில் உட்கார வைத்தேன். அத்தர் கடை சையது என் உயிர் சிநேகிதன். முதல் ஆளாக வந்தான்.

பாதி ஷீட்டில் சையது பென்சிலை வைத்துவிட்டான். "காசிமு, எதை அடிக்கச் சொன்னே?"

"பானாவைடா!"

"நான் அடிச்சது பூரா என்னது?"

"வானா!"

"ஏன்டா, நோன்பாளியைக் கூட்டியாந்து வேடிக்கை பாக்குறியா? நாக்கு ஒட்டிக்கிட்டு நிக்குது, உனக்குப் பானாவும் வானாவும் கேக்குது!" என்று ஷீட்டை என்மேல் விட்டெறிந்தான். இன்னொருத்தர் ஷீட்டின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டார். மூன்றாவது ஆள் 'ப' எழுத்தையெல்லாம் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அடித்திருந்தார். ரமலான் பிறப்பதற்கு முன்பே, நோன்பில்லாத நாளில் இவர்களுக்கு எடுத்து வைத்திருந்த கணக்கோடு ஒத்துப் பார்த்தால் எதுவும் பக்கத்தில்கூட வரவில்லை.

எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. அறிவியல் ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் ஆட்கள் தோற்றுப்போனது நெஞ்சை அறுத்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு. ஏகாதசி புத்தியைத் தீட்டுகிறது, ரமலான் நோன்பு புத்தியை மழுக்குகிறது என்று ஒரு ரிசல்ட்டைத் திருச்சி ஊரில் வெளியே விட்டால் என்ன ஆகும்? கமிஷன் வருவதற்கு முன்னால் போலீஸ் வரும். மாமா தோல் மண்டியில்கூட வேலை தரமாட்டார்.

4. பலகாரம்

மறுவாரம் ஏகாதசி. கமிஷன் வர இன்னும் நாலு நாள் இருந்தது. கணக்கை எடுத்துக்கொண்டு, நோன்போடு, மத்தியான வெயிலில் காவேரிப் பாலத்தைச் சைக்கிளில் கடந்து சித்திரை வீதியில் புரொபசர் வீட்டுக்குப் போனேன். வியர்வை வழிகிறது, தொண்டை காய்ந்து கிடக்கிறது. அந்தத் தெருவில் நான் நுழைந்ததே அதுதான் முதல் தடவை.

வாசல் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கூடத்தில் வரிசையாக வாழையிலை. இலை முன்னால் என்னுடைய பட்டினிப் பிள்ளைகள், பன்னிரண்டு பேரும்.

இலையில் கோதுமை ரவை உப்புமா குவிந்து கிடந்தது, நெய் மினுமினுக்க. பக்கத்தில் தேங்காய்ச் சட்னி, பயத்தம்பருப்புச் சுண்டல், இரண்டிரண்டு ரஸ்தாளிப் பழம். பித்தளை டம்ளர் நிறையச் சுண்டக் காய்ச்சிய பால். ஏப்பம் விட்ட பையன் இன்னும் கொஞ்சம் உப்புமாவுக்கு இலையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

புரொபசரின் மனைவி என்னைப் பார்த்துவிட்டார். "வாங்கோ, நீங்கதான் காசிமா? அவர் உள்ளே இருக்கார். ஏகாதசியோன்னோ, இன்னிக்குத் தளிகை, சாதமெல்லாம் கிடையாது. ஒண்ணும் விசேஷமா பண்ணலை, உபவாசத்துக்குச் சும்மா கொஞ்சம் பலகாரம்தான். உங்களுக்கும் இலையில வெச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம் மாமி. நான் நோன்பு."

"அதனாலதான் தரேங்கறேன்! உபவாசத்துக்குத்தானே பலகாரம்!"

எனக்குத் தலை சுற்றியது. நோன்பினாலா, உப்புமா வாசனையாலா என்று சொல்ல முடியாது. புரொபசர் வெளியே வந்தார். கணக்குத் தாளை அவர் கையில் கொடுக்காமல், இலைகளைக் காட்டினேன்.

"சார், இது என்ன?"

"என்னன்னா? உபவாசம். ஹாஸ்டல்ல பலகாரம் பண்ணித் தரமாட்டான்னு ஒவ்வொரு ஏகாதசிக்கும் குழந்தைகள் இங்கே வந்துடும்."

"சாப்பிடறாங்களே சார்!"

"எங்கே சாப்பிடறா? அன்னம் ஒரு பருக்கை கிடையாதே!"

"சார், இதுக்குப் பேரு நோன்பா? எங்க ஆளுங்க விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுச் சாப்பிட்டா, சூரியன் மறையற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது சார்!"

புரொபசர் என் பக்கம் குனிந்தார். "ஜலம்கூடவா?"

"ஜலம்கூட."

"எச்சில் முழுங்கலாமோ?"

"முழுங்கலாம் சார்."

"அப்பாடா" என்றார். பிறகு ரேழியில் தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டு மாதமாக உபவாசம், உபவாசம் என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பேசியிருக்கிறோம். அவர் சொன்னபோது நான் வறண்ட தொண்டையை நினைத்தேன். நான் சொன்னபோது அவர் உப்புமாவை நினைத்தார். பென்சில் முனை எவ்வளவு கூர் என்றுகூட எழுதி வைத்தவர்கள், பையன்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹாஸ்டல் ரசத்தில் சாதாரண நாளை ஓட்டிய பிள்ளைகளுக்கு எங்கள் பரிசோதனையிலேயே நல்ல சாப்பாடு கிடைத்த நாள் உபவாச நாள்தான்.

ஆனால் மனிதர் லேசில் விடுகிறவரா? தாடையைத் தடவினார். "இருந்தாலும் காசிம், ஆகாரம் மட்டும் காரணம்னு சொல்லிட முடியுமோ? உம்ம மனுஷாளுக்கு மனசை ஒருமைப்படுத்தற அப்பியாசம் கொஞ்சம் குறைச்சலோ என்னமோ..."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பத்து மைல் பெடல் போட்டவன் மாதிரி மூச்சிரைத்துக்கொண்டு நிற்கிறேன், கூடத்தில் ஏப்பச் சத்தம் கேட்கிறது, இவர் ஒருமையைப் பற்றிப் பேசுகிறார்.

"அப்படின்னா நீங்க ஒரு நாள் இருந்து பாருங்க சார்! எங்க நோன்பை!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேலை போச்சு என்று நினைத்தேன். புரொபசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருக்கேன் ஓய். நாளன்னிக்கே இருக்கேன். சாயந்தரம் நாலு மணிக்கு நீரே எனக்கு டெஸ்ட் கொடும். ஒரு சந்தேகம். மாத்யாஹ்னிகத்துக்கு, அதான் மத்தியான சந்திக்கு, ஆசமனம் பண்ணணும். மூணு தடவை, ஒரு உளுந்து முழுகற அளவு ஜலம் உள்ளே போகும்."

"அது உங்க மார்க்கம் சார். ஆனா எங்க கணக்குல நோன்பு முறிஞ்சுரும்."

"அப்போ மறைக்காம எழுதும். 'மூன்று முறை, உளுந்தளவு ஜலம்'னு."

உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது: "இந்த வயசுல இது என்ன கூத்து!"

5. சப்ஜெக்ட் பேசக் கூடாது

அவர் நோன்பிருந்த அன்று மூன்று மணிக்கு லேபுக்கு வந்தபோது உதடு வெளுத்திருந்தது. விடியற்காலையில் மாமி கோபத்தில் வெறும் பாலை மட்டும் வைத்துவிட்டாராம். வழக்கமாகக் கொண்டுவரும் கூஜாவும் வரவில்லை. ஜலமே கூடாது என்றால் கூஜா எதற்கு என்று மாமி கேட்டிருக்கிறார். நியாயம்தானே?

நாலு மணிக்கு நான் ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். புரொபசர் ஷீட்டின்மேல் குனிந்தார். இரண்டாவது ஷீட் ஓடிக்கொண்டிருக்கும்போது வராண்டாவில் பூட்ஸ் சத்தம். நாளை மறுநாள் வரவேண்டிய கமிஷன், வேறு ஊர் வேலை சீக்கிரம் முடிந்ததால் அன்றைக்கே வந்து நிற்கிறது! பிரின்ஸ்பால் முன்னால், சேர்மன் பின்னால். சேர்மன் சூட்டு போட்டவர், நரைத்த மீசை, முகத்தில் சிரிப்பு வாடையே கிடையாது.

"மிஸ்டர் நரசிம்மாச்சாரி, கமிஷன் வந்தாச்சு" என்றார் பிரின்ஸ்பால்.

என் கை தானாக மேலே போனது. "டெஸ்ட் நடக்குதுங்க சார். முடியற வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது!"

பிரின்ஸ்பால் முகம் கறுத்தது. எனக்குக் கண்ணில் தோல் மண்டி தெரிந்தது. சேர்மன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நேரம் முடிந்ததும் உள்ளே வந்து புரொபசரிடம் என்னவோ கேட்டார். புரொபசர் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினார்: 'சப்ஜெக்ட் பேசக் கூடாது. டெமான்ஸ்ட்ரேட்டரைக் கேட்கவும்.'

பேசக் கூடாது என்று நாங்கள் விதியே போடவில்லை. மனுஷருக்கு நாக்கு எழும்பவில்லை, அவ்வளவுதான்.

"நீங்க யாரு?" என்றார் சேர்மன் என்னைப் பார்த்து.

"டெமான்ஸ்ட்ரேட்டருங்க. டெம்பரரி."

மூடி மறைத்துச் சொல்ல எனக்கு அப்போது மூளையில் தெம்பு கிடையாது, நானும் நோன்பு. உப்புமாவிலிருந்து சையது ஷீட்டை விட்டெறிந்தது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப ரெண்டு மாசமா எடுத்த ரிசல்ட்?"

"குப்பைங்க சார்."

பிரின்ஸ்பால் இருமினார். சேர்மன் புரொபசரின் ஷீட்டை எடுத்துக்கொண்டு, என்னையும் வராண்டாவுக்குக் கூட்டிப்போய் அதை வெளிச்சத்தில் பிடித்தார். முதல் சில வரிகளில் 'ப' எல்லாம் அழகாக அடிபட்டிருந்தது. அதற்குக் கீழே புரொபசர் 'ய'வை அடிக்க ஆரம்பித்தவர், கடைசிவரை ஒரு 'ய' விடாமல் மகா ஒருமையோடு அடித்துத் தள்ளியிருந்தார். சேர்மனின் மீசை ஆடியது. சிரிப்பு என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கருவியெல்லாம் பழசு. கீயில துரு. ஜன்னல்ல ஸ்டம்ப்பு எதுக்கு இருக்குன்னு புரியலை" என்று அடுக்கினார். "ஆனா இந்தச் சுற்றுல நான் பாத்த எல்லா லேப்லயும் ரிசல்ட் பிரமாதமா வந்திருக்குன்னு காட்டுனாங்க. தப்பா வந்ததைக் காட்டுனது நீங்க மட்டும்தான். எது தப்புன்னும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. அனுமதி கொடுக்கலாம்னு எழுதிடறேன்." மாடிப்படிவரை போனவர் திரும்பினார். "முதல்ல உங்க புரொபசருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

"இன்னும் நேரம் ஆகலைங்க சார்" என்றேன்.

சைக்காலஜி படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அப்புறம் முப்பது வருஷம் நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: நீங்கள் அளக்கப்போகிற பொருளின் பெயர் உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் நன்றாகத் தெரிந்த சொல்லாக இருந்தால், அங்கேதான் முதலில் நின்று விசாரிக்க வேண்டும். தெரியாத சொல்லாக இருந்தால் எவனும் கேட்டுவிடுவான். ஆயிரம் கண்ட்ரோல் போட்டாலும் இந்தக் கேள்விக்கு ஈடு கிடையாது.

அவர்கள் போனதும் குதித்துக்கொண்டு உள்ளே புரொபசரிடம் ஓடினேன். அவர் இரண்டு கையையும் நீட்டி என்னைத் தடுத்தார். கரகரவென்று குரல் வந்தது.

"சொல்லாதேயும். இன்னும் ஒரு ஷீட் பாக்கி. நல்ல சேதியோ கெட்ட சேதியோ கேட்டா சப்ஜெக்ட் மனசு மாறிடும்."

தலையெழுத்தே என்று வாயை மூடிக்கொண்டு கடைசி ஷீட்டையும் கொடுத்தேன். பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளிச்சம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வயிற்றுக்குள் நிக்காஹ் சேதியை வைத்துக்கொண்டு பேசாமல் உட்காருவது எவ்வளவு பெரிய கொடுமை என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

பாங்கு சத்தம் கேட்டது. என் பையில் பேரீச்சம்பழமும் ஒரு தகர டம்ளரும் இருந்தன. லேப் மூலையில் இருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு நீட்டினேன். புரொபசர் இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டு, உதட்டில் வைத்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

டம்ளரை இறக்கிய பிறகுதான் அவர் முகம் மாறியது. சித்திரை வீதி வீட்டில் மற்றவர்கள் தொட்ட தண்ணீர் புழங்காது. அவர் கல்கத்தாவுக்குப் போனபோதுகூடக் சமைத்துப் போடக் கூடவே ஒரு தவசிப்பிள்ளையை அழைத்துப் போனவர் என்று கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டம்ளர் மறுபடி என் பக்கம் நீண்டது. நிரப்பிக் கொடுத்தேன். இந்தத் தடவை நிதானமாக, ஒவ்வொரு மடக்காகக் குடித்தார்.

"முதல்ல குடிச்சது தெரியாம. இது தெரிஞ்சு" என்றார். "ரெண்டையும் தனித்தனியா எழுதும்."

எழுதினேன்.

"இப்போ சொல்லும். என்ன ஆச்சு?"

"கிடைச்சிருச்சு சார்! லேபும் நிக்குது, என் வேலையும் நிக்குது!"

புரொபசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையாக டம்ளரை நீட்டினார். நான் தண்ணீரை மொண்டு கொடுத்துவிட்டுப் பென்சிலைத் தேடினேன்.

"இதை எழுத வேண்டாம்" என்றார்.